கதையை எடைக்குப் போடும் கனவான்களுக்கு

முதல்லயே சொல்லிடறேன் மக்களே. இது விமர்சனப் பதிவு இல்ல. "சாகறதுக்குள்ள விளையாட வேண்டிய பத்து" வகையறாவும் இல்ல. இது சண்டைப் பதிவு. ஆட்டோ அனுப்பறவங்க முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்புங்க, டீ போட்டு வைக்கிறேன். :-)

சண்டை யாரோட? "வயசாச்சு, இன்னும் என்ன வீடியோ கேம்?"னு கேக்கற சித்தப்பா, பெரியப்பாக்களோட இல்ல. அவங்க பாவம், அவங்க பையன் கையில ஃபோனைக் குடுத்துட்டு நமக்கு உபதேசம் பண்றாங்க. என் சண்டை நம்ம ஆளுங்களோடதான். அதாவது கேம் விளையாடறவங்க, அதுலயும் கதைக்காக விளையாடறேன்னு சொல்லிக்கறவங்க.

புதுசா கன்சோல் வாங்கின ஒருத்தர் ஆசையா வந்து, "கதை நல்லா இருக்கற ரோல் பிளேயிங் கேம் ஒண்ணு சொல்லுங்களேன்"னு கேட்டா நம்ம ஜனங்க என்ன பதில் சொல்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா?

"இதை எடு தல, நூறு மணி நேரம் ஓடும்."

"மேப்பு மட்டும் நாலு ஊர் சைஸு இருக்கும்."

"மொத்தம் இருபத்தாறு கிளைமாக்ஸ் பாஸ்!"

"முதல் இருபது மணி நேரம் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டிடு, அப்புறம் பிச்சிக்கும்."

கேட்டவர் கேட்டது கதை. இந்த நாலு பதில்ல கதை எங்கய்யா இருக்கு? பழைய பேப்பர் கடையில தராசுல வச்சு "மூணே கால் கிலோ"ன்னு சொல்ற மாதிரிதான இருக்கு? அந்தக் கடைக்காரருக்காவது கட்டுக்குள்ள என்ன இருக்குன்னு படிக்க நேரமில்லைன்னு ஒரு நியாயம் உண்டு. நமக்கு?

விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ரோல் பிளேயிங் கேம்னா, ஒரு பாத்திரமா மாறி, கூட்டாளிகளைச் சேர்த்துக்கிட்டு, சண்டை போட்டு அனுபவப் புள்ளி சேர்த்து, லெவல் ஏறி, ஒரு நீளமான கதையைக் கடந்து போறது. காகிதமும் பகடையும் வச்சு விளையாடினது கம்ப்யூட்டருக்கு வந்து, 1986ல யூஜி ஹோரீயோட டிராகன் குவெஸ்ட் மூலமா ஜப்பான்ல கன்சோல் வழியா வீட்டுக்கு வீடு நுழைஞ்சது. மத்த வகை கேம்கள்ல கதை ஊறுகாய். இதுல கதைதான் சோறு. அதனாலதான் இந்த வகையில எதை எடுக்கறதுங்கற கேள்விக்குக் கொஞ்சம் மரியாதை வேணும்னு கேக்கறேன்.

இதுல என்ன பெருசா போச்சுன்னு கேப்பீங்க. ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். கைக்குழந்தை இருக்கற வீடு. நாவல் நிறைய படிக்கறவர். ஒரு புண்ணியவான் பேச்சைக் கேட்டு நூறு மணி நேரத்து ராட்சசன் ஒண்ணை வாங்கினார். ரெண்டு மாசத்துல பதினாலு மணி நேரம் விளையாடினார். அந்தப் பதினாலுல பாதி மூலிகை பறிக்கறதுலயே போச்சு. கதை இன்னும் வாசப்படியே தாண்டல. "கேம்ல இலக்கியம் கிலக்கியம்னு சும்மா பில்டப் குடுக்கறீங்கப்பா"ன்னு சொல்லிட்டு கன்சோலை வித்துட்டார். போனது ஒரு கன்சோல் இல்ல. இந்த வடிவத்துக்குக் கிடைச்சிருக்க வேண்டிய ஒரு நல்ல வாசகர். அவருக்குப் பத்து மணி நேரத்துல முடியற ஒரு நல்ல கேமை யாராவது சொல்லியிருந்தா இன்னிக்கு அவரும் இதே மாதிரி ஒரு பதிவு எழுதிட்டு இருப்பார்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒவ்வொரு எடைக்கல்லா எடுத்து உடைப்போம்.

எடைக்கல் 1: "எத்தனை மணி நேரம் ஓடும்?"

பொட்டி தட்டற பொழப்புல இருக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒருத்தன் எத்தனை ஆயிரம் வரி கோட் எழுதினான்னு எண்ணி அவன் திறமையை அளந்தா என்ன ஆகும்? பத்து வரியில முடிய வேண்டியதை நூறு வரியா எழுதுவான். கேம் கதையும் அப்படித்தான். நாம மணிக்கணக்கு கேட்டா அவங்க மணிக்கணக்கு குடுப்பாங்க. கதை குடுக்க மாட்டாங்க.

கண் முன்னாடி நடந்த உதாரணம் ஃபைனல் ஃபேண்டஸி 7. 1997ல பிளேஸ்டேஷன்ல வந்தது. மூணு டிஸ்க், ஒரு முழுக் கதை. அதுல மிட்கார் நகரத்துல நடக்கற ஆரம்பப் பகுதி அஞ்சாறு மணி நேரம். 2020ல வந்த ரீமேக் அந்த ஆரம்பப் பகுதியை மட்டும் முப்பது மணி நேரத்துக்கு மேல இழுத்துச்சு. பூனை தேடு, எலி அடி, குழாயைத் திருகு. அடுத்த பகுதியா 2024ல ரீபர்த் வந்தப்ப, ஊருக்கு ஊர் கோபுரம் ஏறி மேப்பைத் திறக்கற வேலையும் சேர்ந்துச்சு. ரெண்டுலயும் அருமையான இடங்கள் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த அருமைக்கு நடுவுல எவ்வளவு தண்ணி! மெகா சீரியல்ல மாமியார் முகத்தை மூணு கோணத்துல மூணு தடவை டொய்ங் டொய்ங்னு காட்டுவாங்களே, அதைக் கிண்டல் பண்ற நாம இதுக்கு மட்டும் "கன்டென்ட்"னு கௌரவமா பேர் வச்சிருக்கோம்.

இன்னொரு பக்கம் பாருங்க. 1992ல வந்த டிராகன் குவெஸ்ட் 5. நாயகனைச் சின்னப் பையனா அப்பா கையைப் பிடிச்சிக்கிட்டு நடக்கற வயசுல காட்டறாங்க. அப்புறம் பத்து வருஷம் அடிமை வாழ்க்கை. கல்யாணம், யாரைக் கட்டிக்கறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். குழந்தைகள். நடுவுல கல்லா உறைஞ்சு போய், பிள்ளைங்க வளர்றதைப் பக்கத்துல இருந்து பார்க்க முடியாம பல வருஷம். கடைசியில, எல்லாரும் தேடற புராண வீரன் அவன் இல்ல, அவனோட மகன். ஒரு முழு ஆயுசு. இத்தனைக்கும் அது முப்பது மணி நேரச் சமாசாரம். கதைக்குள்ள எவ்வளவு காலம் ஓடுதுங்கறதுக்கும் நம்ம கடிகாரம் எவ்வளவு ஓடுதுங்கறதுக்கும் சம்பந்தமே இல்ல சாமி.

அப்ப நீளமே தப்பா? இல்ல. பொன்னியின் செல்வன் அஞ்சு பாகம். விடிய விடிய நடக்கற தெருக்கூத்தை யாராவது ரெண்டு மணி நேரமா சுருக்கச் சொல்வாங்களா? பெர்சோனா 5 நூறு மணி நேரம் ஓடும், அதுல அந்த நீளத்துக்கு அர்த்தம் இருக்கு. டோக்கியோல ஒரு பள்ளிக்கூடப் பையனோட ஒரு வருஷத்தை நாள் நாளா காலண்டர் வச்சு வாழ வைக்கறாங்க. இன்னிக்கு சாயங்காலம் படிக்கறதா, நண்பனைப் பார்க்கறதா, வேலைக்குப் போறதா? ஒண்ணைப் பண்ணினா இன்னொண்ணு போச்சு. வருஷம் முடிஞ்சு கிளம்பறப்ப தொண்டை அடைக்கும். அந்த நூறு மணி நேரம் இல்லாம அந்த அடைப்பு வராது. ஆக, கேக்க வேண்டிய கேள்வி "எத்தனை மணி?" இல்ல, "எதுக்கு அத்தனை மணி?"

எடைக்கல் 2: "மேப்பு எம்மாம் பெருசு!"

விட்சர் 3. 2015ல போலந்துக்காரங்க பண்ணினது. ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியோட கதைகள்ல இருந்து வந்த உலகம். இதைச் சிபாரிசு பண்ற பத்துப் பேர்ல எட்டுப் பேர் மேப் சைஸைத்தான் முதல்ல சொல்வாங்க. ஆனா விளையாடி முடிச்சவங்ககிட்ட எது ஞாபகம் இருக்குன்னு கேட்டுப் பாருங்க. ஸ்கெல்லிகே தீவுகளைச் சுத்திக் கடல்ல மிதக்கற கேள்விக்குறிகளைப் படகுல போய் ஒவ்வொண்ணா அள்ளினதையா சொல்வாங்க? அது ஊரே கேலி பண்ணின வேலை. அவங்க சொல்றது பிளடி பேரன் கதையைத்தான்.

ஒரு குடிகாரக் குறுநில மன்னன். மனைவியையும் மகளையும் காணோம், கண்டுபிடிச்சுக் குடுன்னு கேக்கறான். தேடத் தேட, அவங்க ஏன் ஓடினாங்கன்னு தெரியுது. இவன் அடிச்ச அடி. அதுல வயித்துலயே போன ஒரு குழந்தை, பேர் வைக்காமப் புதைச்சதால பேயா அலையுது. அந்தக் குடிகாரனையே அதைக் கையில ஏந்திக்கிட்டு நடக்க வச்சு, பேர் சொல்லிப் புதைக்க வைக்கலாம். அவன்மேல கோவப்படறதா, பரிதாபப்படறதான்னு நமக்கே புரியாது. நம்ம ஊர்லயும் அவனை மாதிரி ஆள் தெருவுக்கு ஒருத்தர் உண்டு, அதான் வலிக்குது. இதுக்கு நாலு ஊர் சைஸு மேப்பு வேணாம். ஒரு கோட்டை, ஒரு சதுப்பு நிலம் போதும்.

அதே 2015 கடைசியில ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்னு ஒரு துணைக்கதை வந்துச்சு. பத்து மணி நேரம் சுமார். மூலக் கேமை விட அதுதான் கச்சிதம்னு சொல்ற கட்சி ஒண்ணு உண்டு. நான் அதுல ஆயுள்கால உறுப்பினர்.

2014ல வந்த டிராகன் ஏஜ் இன்க்விசிஷன் கதை இன்னும் தமாஷ். ஹிண்டர்லேண்ட்ஸ்னு ஆரம்பத்துல ஒரு பெரிய பகுதி. எல்லாரும் அங்கயே ஆட்டுக்கறி சேர்க்கறது, போர்வை தேடறதுன்னு உக்காந்துட்டாங்க. "ஐயா, அதை விட்டு வெளிய வாங்க, கதை வெளிய இருக்கு"ன்னு பத்திரிகைக்காரங்க கட்டுரை எழுத வேண்டியதாப் போச்சு. கதை எங்க இருக்குன்னு போர்டு மாட்ட வேண்டி வந்தா அது மேப்போட பெருமையா, குறையா? நீங்களே சொல்லுங்க.

எடைக்கல் 3: "எத்தனை முடிவு? எத்தனை சாய்ஸ்?"

நியர் ஆட்டோமேட்டா, 2017. "இருபத்தாறு கிளைமாக்ஸ்"னு தம்பட்டம் அடிக்கப்படற கேம். உண்மைதான், இங்கிலீஷ் எழுத்துக்கு ஒண்ணா இருபத்தாறு. ஆனா அதுல பெரும்பாலானது இயக்குநர் யோகோ டாரோ அடிச்ச ஜோக். நாயகி ஒரு மீனைத் தின்னா செத்துடுவா, அது ஒரு முடிவு. தன்னோட மூளை சிப்பைப் பிடுங்கிப் போட்டா அது ஒரு முடிவு. கதையோட நிஜமான முடிவு அஞ்சுதான். அதுல கடைசியா வர்றது உங்ககிட்ட ஒண்ணு கேக்கும். என்னன்னு சொல்ல மாட்டேன். அந்த ஒரு கேள்விக்காக அந்தக் கேமை எடுங்கன்னு சொன்னா சரி. இருபத்தாறுன்னு எண்ணிக்கை சொல்லி வித்தா அது அந்தக் கேமையே கேவலப்படுத்தறது.

சாய்ஸ் விஷயத்துல எனக்குப் பிடிச்ச பாடம் 1995ல வந்த க்ரோனோ ட்ரிக்கர். ஆரம்பத்துல ஒரு திருவிழா. சும்மா சுத்தறீங்க. ஒரு கிழவரோட சாப்பாடு மேசைமேல இருக்கு, யாரும் பார்க்கலைன்னு எடுத்துத் தின்னுடறீங்க. ஒரு பொண்ணு மேல மோதறீங்க, அவளைத் தூக்கி விடறதா, கீழ விழுந்த பதக்கத்தை முதல்ல எடுக்கறதா? எல்லாம் சில்லறை விஷயம். கொஞ்ச நேரம் கழிச்சு உங்களைக் கோர்ட்டுல நிறுத்தறாங்க. சாட்சிக்கு யார் வர்றாங்க? அந்தக் கிழவர்! நீங்க தின்ன சோத்துக்குக் கணக்கு! இதுல வேடிக்கை என்னன்னா, தீர்ப்பு எப்படி வந்தாலும் ஜெயில் ஜெயில்தான், கதை பெருசா மாறாது. ஆனா அதுக்கப்புறம் அந்தக் கேம்ல எதைத் தொட்டாலும் "யாரோ பார்த்துட்டு இருக்காங்க"ன்னு ஒரு உறுத்தல் வருதே, அதுதான் சாய்ஸ். கதை மாறணும்னு அவசியமில்ல. நாம மாறணும்.

அதே 1995ல டாக்டிக்ஸ் ஓகர். உள்நாட்டுப் போர். நாயகன் சிறுபான்மை இனத்துப் போராளி. முதல் அத்தியாயத்தோட கடைசியில தலைமையில இருந்து உத்தரவு வருது. போராட வராத நம்ம இனத்து ஊரை நாமே அழிச்சிட்டு, பழியை எதிரிமேல போட்டா மொத்த இனமும் பொங்கி எழும்னு கணக்கு. செய்யறியா, மாட்டியா? செஞ்சா கையில ரத்தம். மறுத்தா, அந்தக் கொலைப்பழியே உங்கமேல விழுது. நீங்க எந்தப் பக்கம் போனாலும் கூட வளர்ந்த நண்பன் எதிர்ப் பக்கம் போறான். ஒரே ஒரு கேள்வி, ரெண்டே பதில். இருபத்தாறு முடிவு சேர்ந்தாலும் இந்த ஒண்ணுக்கு ஈடாகாது. 2022ல ரீபார்ன்னு புதுப்பிச்சு பிளேஸ்டேஷன்லயும் ஸ்விட்ச்லயும் விட்டாங்க.

எண்ணிக்கையைக் காட்டி ஆசை காட்டினா என்ன ஆகும்ங்கறதுக்கு மாஸ் எஃபெக்ட் சாட்சி. மூணு பாகம், 2007, 2010, 2012. உங்க முடிவெல்லாம் பாகம் பாகமா தொடரும்னு சொன்னாங்க. மூணாம் பாகத்துக் கடைசியில எல்லாம் சேர்ந்து கலர் மட்டும் மாறற மாதிரி முடிஞ்சுச்சுன்னு ரசிகர்கள் கொந்தளிச்சு, 2012 ஜூன்லயே முடிவை விரிச்சு இலவசமா குடுத்தாங்க. ஆனா ரெண்டாம் பாகத்தோட கடைசி மிஷனைப் பத்தி யாரும் குறை சொன்னதில்ல. எந்த வேலைக்கு யாரை அனுப்பறோம்ங்கறதுதான் அங்க சாய்ஸ். தப்பான ஆளை அனுப்பினா அந்த ஆள் செத்துருவான், இல்ல கூட இருக்கறவன் சாவான். அவ்வளவுதான். கூட்டாளிகளை நீங்க எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்கன்னு ஒரு பரீட்சை.

எடைக்கல் 4: "முதல் இருபது மணி நேரம் பொறுத்துக்க"

இந்த வசனம் புகழ் பெற்றது ஃபைனல் ஃபேண்டஸி 13 காலத்துல. 2009 கடைசியில ஜப்பான்ல வந்தது. மொத்தம் பதிமூணு அத்தியாயம், பதினோராவதுலதான் நேர்க்கோட்டு ஓட்டம் நின்னு உலகம் விரியும். அதுவரைக்கும் நடந்துக்கிட்டே இருக்கணும். ரசிகர்கள் வந்து "இருபது மணி நேரம் தாண்டினா சூப்பரா இருக்கும்"னாங்க.

ஐயா, இருபது மணி நேரத்துல எட்டு தமிழ்ப் படம் பார்க்கலாம். வேற எந்தக் கலையிலயாவது இந்தச் சலுகை உண்டா? நம்ம பதிவையே எடுத்துக்கோங்க. ரெண்டு பத்தி போர் அடிச்சா அடுத்த டேபுக்குப் போயிடற நீங்க (ஹிஹி, இன்னும் இங்க இருக்கறவங்களுக்கு நன்றி) கேமுக்கு மட்டும் இருபது மணி நேரம் கடன் குடுப்பீங்களா?

நல்ல கதை வாசல்லயே கையைப் பிடிச்சு இழுக்கும். டிஸ்கோ எலீசியம் எஸ்டோனியாக்காரங்க படைப்பு. 2019ல கம்ப்யூட்டருக்கும் 2021ல கன்சோல்களுக்கும் வந்தது. நீங்க ஒரு போலீஸ் துப்பறிவாளர். குடிச்சுக் குடிச்சு தன் பேரே மறந்து லாட்ஜ் ரூம்ல விழுந்து கிடக்கறீங்க. ஃபேன்ல தொங்கற உங்க டையை எட்டி எடுக்கப் போனா, உடம்பு வலு கம்மியா வச்சிருந்தா, மாரடைப்பு வந்து ஆட்டம் க்ளோஸ். ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம்! அந்த ஆள் எந்த நிலைமையில இருக்கான்னு சொல்ல இதைவிட வேற காட்சி வேணுமா?

க்ளேர் ஆப்ஸ்கூர் எக்ஸ்பெடிஷன் 33 பிரான்ஸ்காரங்க கேம், 2025 ஏப்ரல்ல வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஓவியக்காரி தூண்ல ஒரு நம்பர் எழுதுவா. அந்த வயசுல இருக்கற எல்லாரும் பூவிதழா உதிர்ந்து காத்துல போயிடுவாங்க. வருஷா வருஷம் நம்பர் ஒண்ணு ஒண்ணா குறையுது. இந்த வருஷம் 33. ஒருத்தன் தன் பழைய காதலியை வழியனுப்பறதுக்காகக் கையைப் பிடிச்சிக்கிட்டு நடந்து போறான். முதல் அரை மணி நேரத்துலயே இதெல்லாம் முடிஞ்சுடும். முழுக் கதையும் சுமார் முப்பது மணி நேரம்.

எடைக்கல் 5: "டர்ன் பேஸ்டா? அது பழைய காலத்து சமாசாரம்!"

ஒருத்தர் மாத்தி ஒருத்தர் நிதானமா அடிச்சிக்கற சண்டைன்னா நம்ம ஆளுங்களுக்கு இளக்காரம். இளக்காரம் பண்றவங்களுக்கு ரெண்டு தகவல். 2023ல தி கேம் அவார்ட்ஸ்ல அந்த வருஷத்துச் சிறந்த கேம்னு விருது வாங்கின பால்டர்ஸ் கேட் 3 டர்ன் பேஸ்டு. 2025ல அதே விருதை வாங்கின மேலே சொன்ன பிரான்ஸ்காரங்க கேமும் டர்ன் பேஸ்டு. போதுமா?

ஆனா விருது முக்கியம் இல்ல. சண்டை எந்த வகைங்கறதை விட, சண்டையும் கதையும் ஒரே பேச்சு பேசுதாங்கறதுதான் முக்கியம். 2020ல வந்த யகுசா லைக் எ டிராகன் பாருங்க. நாயகன் இச்சிபான், நாப்பது தாண்டின ஆள். முதலாளிக்காகப் பழியை ஏத்துக்கிட்டு பதினெட்டு வருஷம் ஜெயில்ல இருந்துட்டு வர்றான். சின்ன வயசுல டிராகன் குவெஸ்ட் விளையாடி வளர்ந்தவன். அதனால தெருச்சண்டை நடந்தாலும் அவன் மண்டைக்குள்ள அது டர்ன் பேஸ்டாத்தான் ஓடும், ரவுடிங்க எல்லாம் ராட்சசனாத்தான் தெரிவாங்க! சண்டை முறையே அந்த மனுஷனோட குணச்சித்திரம்.

அண்டர்டேல், 2015. ஆறேழு மணி நேரம்தான். எதிர்ல வர்ற ஒவ்வொரு பூதத்தையும் அடிக்கலாம், இல்ல பேசி மன்னிச்சு விடலாம். முப்பது வருஷமா இந்த வகை கேம் எல்லாம் "கொன்னா அனுபவப் புள்ளி"ன்னு பழக்கி வச்சிருக்கே, அந்தப் பழக்கத்தையே கூண்டுல ஏத்திக் கேள்வி கேக்கும்.

மறுபடி 1997. ஃபைனல் ஃபேண்டஸி 7ல ஏரித் சாகறது ஊருக்கே தெரிஞ்ச ரகசியம். அது ஏன் அவ்வளவு பேரை அழ வச்சுச்சு? காட்சி மட்டும் காரணம் இல்ல. நம்ம கூட்டத்துல காயம் ஆத்தறவ அவதான். அவளை லெவல் ஏத்தினது நாம. ஆயுதம் தேடிக் குடுத்தது நாம. அடுத்த சண்டைக்கு மெனுவைத் திறந்தா அவ இருந்த இடம் காலி. புத்தகத்துல அழலாம், சினிமாவுல அழலாம், மெனுவைப் பார்த்து அழ வைக்கறது இந்த ஒரு வடிவத்தாலதான் முடியும். கதை சொல்ற கேம்னா அது இதுதான். நடுநடுவுல படம் ஓட்டிக் காட்டறது இல்ல.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுடுவோம். "உனக்கென்னப்பா சம்பளம் வருது. புது டிஸ்க் ஒண்ணு அஞ்சாயிரம் ரூபாயைத் தொடுது. காலேஜ் பையன் வருஷத்துக்கு ஒண்ணுதான் வாங்க முடியும். அவன் மணிக்கணக்கு பார்க்காம என்ன பண்ணுவான்?" நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். காசு கம்மியா இருந்து நேரம் நிறைய இருக்கறவனுக்கு நீளமான கேம் வரப்பிரசாதம்தான். ஆனா அவனுக்கும் என் பதில் அதேதான். நூறு மணி நேரத்துல எண்பது மணி மூலிகை பறிக்கறதுக்குப் பதிலா, தள்ளுபடி விலையில மூணு பழைய முத்து வாங்கலாம். விட்சர் 3 ரெண்டு துணைக்கதையோட சேர்ந்தே அடிக்கடி அடிமாட்டு விலைக்கு வருது. மூணு மாஸ் எஃபெக்டும் 2021ல ஒரே கட்டா வந்துச்சு. டிஸ்க்னா வாங்கி விளையாடிட்டு வித்துடலாம். காசுக்கு மதிப்பு வேணும்னு சொல்ற அதே வாய், மதிப்புன்னா நிமிஷம்னு மட்டும் அர்த்தம் பண்ணக் கூடாது.

இவ்வளவு திட்டிட்டு மாத்து வழி சொல்லலைன்னா "சும்மா ஜல்லியடிக்கறான்"னு சொல்வீங்க. அதனால, யாராவது உங்ககிட்ட வந்து கேட்டா, கேம் பேர் சொல்றதுக்கு முன்னாடி திருப்பி நாலு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்? மூணு மணி நேரம்னு சொன்னா, நூறு மணி நேரக் கேம் அவருக்கு எட்டு மாசம். எட்டு மாசத்துக்கு முன்னாடி வந்த வில்லன் பேர் யாருக்குய்யா ஞாபகம் இருக்கும்? முப்பது மணி நேரக் கேம்னா பத்தே வாரம்.

ரெண்டு, டிவியில எவ்வளவு இங்கிலீஷ் படிப்பார்? இது யாரும் கேக்காத கேள்வி. டிஸ்கோ எலீசியத்துல பத்து லட்சம் சொற்களுக்கு மேல. கம்ப்யூட்டர்ல முகத்துக்கு நேரா படிக்கறது வேற, சோஃபால சாய்ஞ்சு எட்டடி தூரத்துல படிக்கறது வேற. வாசிக்கப் பிடிச்சவருக்கு அது விருந்து. நாள் முழுக்க ஆபீஸ்ல மெயில் படிச்சு நொந்து வர்றவருக்கு தண்டனை.

மூணு, சண்டை பிடிக்குமா? பிடிக்காதுன்னா வெக்கப்படாம ஈஸி மோட் வைக்கச் சொல்லுங்க. விட்சர் 3ல கதைக்கு மட்டும்னே ஒரு மோட் இருக்கு, பெர்சோனா 5ல சேஃப்னு இருக்கு. பண்ணினவங்களே வாசல் திறந்து வச்சிருக்காங்க, நடுவுல நாம யாரு டிக்கெட் கிழிக்கறதுக்கு?

நாலு, "முதல் பாகத்துல இருந்து வரணுமா?" புதுசா வர்றவங்களை விரட்டறதுல இதுக்குத்தான் முதல் பரிசு. ஃபைனல் ஃபேண்டஸியில ஒவ்வொரு எண்ணும் தனி உலகம், பத்தாவதுல ஆரம்பிச்சா ஒண்ணும் குடி முழுகிடாது. பெர்சோனாவும் அப்படித்தான். மாஸ் எஃபெக்ட் மட்டும் வரிசையா போகணும். இதைச் சரியா சொல்லிட்டாலே பாதிப் பேர் பயம் போயிடும்.

அதுக்கும் மேல சந்தேகம் இருந்தா, டெமோ. டிராகன் குவெஸ்ட் 11க்கும் 2024ல வந்த மெட்டஃபர் ரீஃபேண்டசியோவுக்கும் தாராளமான டெமோ விட்டாங்க. அதுல விளையாடினதை அப்படியே முழுக் கேமுக்குக் கொண்டு போகலாம். மூணு மணி நேரத்துல "அடுத்து என்ன ஆகும்?"னு ஒரு கேள்வி மனசுல வந்துச்சா? வந்தா வாங்கு. வரலைன்னா விடு. இருபது மணி நேரப் பிரசங்கத்தை நம்பாதே.

இதெல்லாம் ஏன் இவ்வளவு கோவமா எழுதறேன்னா, நாம சிபாரிசு பண்றதுதான் நாளைக்குத் தயாராகும். மேப்பைக் கொண்டாடினா மேப்பு வரும். மணிக்கணக்கைக் கொண்டாடினா மூலிகை வரும். ஒரு குடிகாரன் தன் செத்த பிள்ளைக்குப் பேர் வைக்கற பத்து நிமிஷத்தைக் கொண்டாடினா, எங்கயோ எவனோ ஒருத்தன் அப்படி இன்னும் ஒரு பத்து நிமிஷம் எழுத உக்காருவான்.

அதனால அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட "கதை நல்லா இருக்கற கேம் ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டா, தயவுசெஞ்சு தராசைக் கீழ வச்சிட்டு கதையைச் சொல்லுங்க.

டிஸ்கி 1: 1997ல வந்த கேமோட சஸ்பென்ஸை உடைச்சிட்டேன்னு திட்டி வர்ற பின்னூட்டங்கள் நிராகரிக்கப்படும். கால் நூற்றாண்டு தாண்டியாச்சு சாமிகளா!

டிஸ்கி 2: "நீ சொன்ன எதுவும் நூறு மணி நேரம் ஓடலையே"ன்னு கேக்கப் போறவங்களுக்கு, பதிவை மறுபடி முதல்ல இருந்து படிக்கவும். அதுக்கு எத்தனை நிமிஷம் ஆகும்னு மட்டும் கேக்காதீங்க. :-)